இலை போடாத பந்தி

பூசாரி அண்டாவோடு வரிசையின் தலைப்பக்கம் வந்துவிட்டார். தமயந்தி பதினோராவது ஆள், அவளுக்கு முன்னால் பத்துப் பேர். பூபாலன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒருமுறை எண்ணினான், நம்பிக்கை வராமல் தன் மனைவியிடமிருந்து தொடங்கித் திரும்ப ஒருமுறை எண்ணினான், எப்படி எண்ணினாலும் பத்துதான் வந்தது. ஆடி வெள்ளி, உச்சி வெயில், அம்மன் கோயிலுக்கு முன்னால் பெருக்கித் தண்ணீர் தெளித்த வெறும் மண்ணில் பிள்ளையில்லாத பெண்கள் நாற்பது ஐம்பது பேர் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தார்கள். இலை கிடையாது, தட்டு கிடையாது. பூசாரி ஒரு கரண்டிச் சோற்றைத் தரையில் வைப்பார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து வாயாலேயே எடுத்துச் சாப்பிட வேண்டும். மண்சோறு சாப்பிட்டால் அடுத்த ஆடிக்குள் மடியில் பிள்ளை என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. ஆண்கள் எல்லாம் இந்தப் பக்கம் மதில் நிழலில் ஒதுங்கி நின்றார்கள், அவரவர் மனைவியின் கைப்பையையும் செருப்பையும் காவல் காத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். பூபாலனின் அம்மா மட்டும் வரிசையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நின்று, தமயந்தி, தலையை நல்லாக் குனியணும் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தமயந்தி அரக்குச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தலையாட்டினாள். உட்காரப் போகுமுன் அவள் இவனிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னது ஒன்றே ஒன்றுதான், தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி பாத்ரூம் இருக்குங்க, தாழ்ப்பாள் நல்லா இருக்கு, பாத்து வச்சுட்டேன். எந்த ஊருக்குப் போனாலும் இவன் வயிற்றுக்காக அவள் முதலில் அதைத்தான் பார்ப்பாள், சாமியை அப்புறம்தான் கும்பிடுவாள். தாழ்ப்பாள் நன்றாக இருக்கிறதா என்று இழுத்துக்கூடப் பார்த்திருக்கிறாள்.

சட்டைப்பையில் மாத்திரை அட்டை நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது, புது மாத்திரை, வாங்கி மூன்று நாள் ஆகிறது. பழைய மஞ்சள் மாத்திரை வீட்டில் அலமாரி டப்பாவில் அப்படியே இருக்கிறது, தமயந்தி பார்த்து ஏன் தீரவில்லை என்று கேட்கக் கூடாதே என்று தினமும் காலையில் இரண்டும் ராத்திரி இரண்டுமாகப் பிய்த்துச் சாக்கடையில் போட்டுக்கொண்டிருக்கிறான். இந்தச் சாமர்த்தியமெல்லாம் எங்கிருந்துதான் வருகிறதோ. செவ்வாய்க்கிழமை ஆபீஸில் ட்ரெய்னிங் என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் போனான், ஆனி மாதத்திலிருந்து மறுபடியும் ரத்தமாகப் போக ஆரம்பித்திருந்தது. புது டாக்டர், பெண் டாக்டர், அவனை விடச் சின்னவளாகத்தான் இருப்பாள், எழுதிக்கொண்டே வந்தவள் எத்தனை பசங்க என்று கேட்டாள். இல்ல மேடம். பேனா நின்றது. கல்யாணம் ஆகி? அஞ்சு வருஷம் மேடம். இந்த மாத்திரை எத்தனை வருஷமா? எட்டு. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். இந்த மாத்திரை ஆம்பளைங்களுக்கு விந்தணுவைக் குறைச்சிடும், தெரியுமா உங்களுக்கு? சாப்பிடுற வரைக்கும்தான். நிறுத்தினா ரெண்டு மூணு மாசத்துல பழையபடி ஆயிடும், ஆனா நீங்களா நிறுத்தக் கூடாது, குடல் புண்ணு கிளம்பிடும், வேற மாத்திரை இருக்கு, அதுக்கு மாறிக்கலாம். அன்றைக்கே கீழே டெஸ்ட் எடுக்கச் சொன்னாள், சாயந்திரமே தாள் வந்துவிட்டது, தாளைப் பார்த்து, ரொம்பத்தான் குறைஞ்சிருக்கு என்று தலையாட்டிவிட்டு, இத்தனை வருஷத்துல இதை உங்ககிட்ட யாருமே சொல்லலையா என்று கேட்டாள். யாரும் சொல்லல மேடம் என்றான் பூபாலன். சொல்லும்போது அது சத்தியம் என்றே நினைத்தான்.

அங்கேதான் ஒவ்வொரு தடவையும் அவன் நினைப்பு இடறி விழுகிறது. யாரும் சொல்லவில்லை என்றானே, அன்று ஊர் திரும்பும் பஸ் வாடிப்பட்டி தாண்டும்போது ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தவனுக்குப் பழைய டாக்டரின் குரல் அப்படியே காதில் கேட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால், ஊரில் எல்லோருக்கும் வைத்தியம் பார்த்த வயசான டாக்டர், பெருங்குடலில் புண் என்று கண்டுபிடித்து முதன்முதலாக அந்த மஞ்சள் மாத்திரையை எழுதிக் கொடுத்தவர், சீட்டை நீட்டிக்கொண்டே சொன்னார், தம்பி, கல்யாணம் முடிவானா ஒரு எட்டு வந்து என்னைப் பாத்துட்டுப் போ, மாத்திரையை மாத்தணும். ஒரு எட்டு. அவர் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான், நடந்தால் பத்து நிமிஷம். கல்யாணம் முடிவானது, பத்திரிகை அடித்தார்கள், எவரெவர் வீட்டுக்கோ போய்ப் பத்திரிகை வைத்தான், அந்த வீட்டுக்கு மட்டும் போகவில்லை. மறந்தா போனான்? அதுதான் தெரியவில்லை. மறந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. டாக்டர் வீட்டு வாசலில் யாராவது பார்த்தால், பெண் வீட்டில் யாருக்காவது சொல்லிவிட்டால், மாப்பிள்ளைக்கு என்ன சீக்கு என்று கேட்டால். அம்மாவும் அதைத்தான் சொன்னாள், கேட்டா அல்சருன்னு சொல்லு, யாருக்குத்தான் அல்சர் இல்ல. அப்பா போன பிறகு ஒற்றை ஆளாக நின்று அவனை வளர்த்தவள், இரண்டு இடம் ஏற்கனவே தட்டிப்போய்விட்டது, அவள் பயம் அவளுக்கு. அவளை எப்படிக் குறை சொல்வது. பெண் பார்க்கப் போன இடத்தில் தமயந்தியின் அப்பா அல்சர் என்றதும், அதுக்கென்ன, மணத்தக்காளிக் கீரை ரெண்டு வேளை சாப்பிட்டாப் போயிடும் என்று சிரித்தார், தமயந்தி காபித் தம்ளரோடு நின்று அதைக் கேட்டாள், கேட்டதை மனசில் வைத்துக்கொண்டாள், கல்யாணமான மறு வாரத்திலிருந்து இன்றுவரை வாரம் இரண்டு நாள் வீட்டில் மணத்தக்காளிக் கீரைதான். டாக்டர் நாலு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டார். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாத்திரையை வாங்கிக்கொண்டே இருந்தான், சீட்டு மடிப்பில் கிழிந்தபோது பசை டேப் ஒட்டி வைத்துக்கொண்டான்.

மூன்றாவது ஆள். மூன்றாவது ஆள் வயசானவள், நாற்பதுக்கு மேலிருக்கும், குனிந்தவளுக்கு இடுப்பு வளையவில்லை, முகம் சோற்றில் படாமல் பாதியில் நின்றது, பின்னாலிருந்த ஒருத்தி எட்டி அவள் தோளை அமுக்கிக் கொடுத்தாள். நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் சோறும் மண்ணும். யாரும் சிரிக்கவில்லை. தமயந்தியும் இப்படித்தான் நிமிர்வாள், மூக்கு நுனியில் மண்ணோடு, அப்படியே இவன் பக்கம் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரிப்பாள், அதைத்தான் தாங்க முடியாது. எதற்கு அவள் குனிய வேண்டும்? அவளிடம் ஒன்றும் இல்லை, எப்போதுமே ஒன்றும் இருந்ததில்லை. திண்டுக்கல்லில் ஒரு லேடி டாக்டர், மதுரையில் ஒரு லேடி டாக்டர், ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், உள்ளே மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த எக்ஸ்ரே அன்று இவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், உள்ளேயிருந்து ஒரே ஒரு சத்தம் வந்தது, அம்மா என்றுகூட இல்லை, பல்லைக் கடித்த சத்தம். வெளியே வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, அடைப்பு ஒண்ணும் இல்லையாம், நல்லாத்தான் இருக்காம் என்று இவனுக்கு ஆறுதல் சொன்னாள். இவனுக்கு. ஒவ்வொரு டாக்டரும் உங்க வீட்டுக்காரரையும் டெஸ்ட்டுக்கு வரச் சொல்லுங்க என்று சொன்னார்கள், ஒவ்வொரு தடவையும் இவனுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. அம்மா அதற்கும் பதில் வைத்திருந்தாள், எங்க வம்சத்துல ஆம்பளைங்களுக்கு எந்தக் குறையும் கிடையாது. தமயந்தியின் தங்கைக்கு வளைகாப்பு நடந்தபோது, முதல் வளையலைப் போட யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தது, தமயந்தி தானாகவே எழுந்து போய் அடுப்படியில் கட்டுச்சாதம் கிண்டிக்கொண்டு நின்றாள். அன்று இவன் எங்கே இருந்தான்? பாத்ரூமில் இருந்தான். வாழ்க்கையில் முக்கியமான நேரத்திலெல்லாம் அவன் பாத்ரூமில்தான் இருந்திருக்கிறான், அங்கேயே தாழ் போட்டுக்கொண்டு, வெளியே எல்லாம் நடந்து முடியட்டும் என்று.

ஐந்து. ஆறாவது பெண் சோறு வைப்பதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள். போய்ச் சொல்லிவிட்டால் என்ன? இங்கிருந்து அந்த வரிசைக்கு இருபதடி இருக்குமா? ஒரு எட்டு. மின்மீட்டர் கணக்கெடுக்கிறவனுக்கு அடுத்தவர் வாசலில் போய் நிற்பது புதிதா என்ன, தினமும் நூறு வாசல், நூறு பேரிடம் அம்மா மீட்டர் பாக்கணும் என்று சொல்கிறவன். எந்தத் தெருவில் எந்த வீட்டில் பாத்ரூம் கேட்டால் முகம் சுளிக்காமல் விடுவார்கள் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம், பச்சை கேட் டீச்சர் வீடு, மாவு மில்லுக்கு மேல் மாடி, கிறிஸ்தவக் கோயில் பக்கத்துத் தையல்காரர். முன்பின் தெரியாத தையல்காரரிடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்ச முடிகிறது, கட்டிய மனைவியிடம் மட்டும் வாய் வரவில்லை. சொன்னால் என்ன செய்வாள்? போய்விடுவாளா? அவள் போய்விடுவாள் என்பதை நினைக்கவே முடியவில்லை, நினைத்தால் வீட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் சமையலறையில் நிற்பதுபோல ஒரு காட்சிதான் வருகிறது, என்ன அற்பமான ஆள் நான். அல்லது போகாமல் இருந்தே பேசாமல் இருப்பாளா? அது இன்னும் மோசம். இன்றைக்குப் பேசாமல் இருந்துவிடலாம். மூன்று மாசம். மாத்திரை தன் வேலையைச் செய்யட்டும், ஐப்பசியிலோ கார்த்திகையிலோ அவளுக்கு நாள் தள்ளிப்போகும், எல்லோரும் அம்மன் கொடுத்தது என்பார்கள், அம்மா பொங்கல் வைப்பாள், தமயந்தி காலமெல்லாம் இந்தக் கோயிலுக்கு வந்து கும்பிடுவாள். யாருக்கு என்ன நஷ்டம்? இந்த யோசனை வந்த உடனே அவனுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, எவ்வளவு சுலபம், எவ்வளவு சுத்தமாக எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்தச் சுலபம்தான் அவனைப் பயமுறுத்தியது. அப்படியானால் அவள் இந்த மண்ணைத் தின்றதால்தான் பிள்ளை வந்தது என்று ஆகிவிடும். அவளிடம் ஏதோ குறை இருந்தது, மண்ணைத் தின்று அதைத் தீர்த்துக்கொண்டாள் என்று ஆகிவிடும். பிள்ளை வந்த பிறகும் குறை அவளுடையதாகவே இருக்கும்.

எட்டு. அடிவயிற்றில் அந்தப் பழகிய முறுக்கல் ஆரம்பித்தது. மற்றவர்களுக்குப் பயம் வந்தால் அடிவயிறு கலங்குகிறது என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வார்கள், பூபாலனுக்கு அது பேச்சில்லை, ஐந்து நிமிஷம்தான் அவகாசம். கால் தானாகவே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பியது. தாழ்ப்பாள் நன்றாக இருக்கிறது. அவளே பார்த்து வைத்திருக்கிறாள். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் வெளியே வருவதற்குள் பதினொன்று தாண்டி இருபது ஆகியிருக்கும், அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை, வயிறு அப்படி, என்ன செய்ய முடியும். மூன்று எட்டு வைத்துவிட்டான். பிள்ளைக்கு இது வருமா என்று அந்த டாக்டரம்மாவிடம் கடைசியாகக் கேட்டது ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் வாய்ப்பு உண்டு, ஆனா பெரும்பாலும் வராது என்றாள், அப்புறம் சிரித்துக்கொண்டே, வந்தாலும் என்ன, உங்களை மாதிரி மறைச்சு வைக்காம வைத்தியம் பார்க்கச் சொல்லிக் குடுங்க என்றாள். மறைத்ததை அவளிடம் இவன் சொல்லவே இல்லையே, எப்படித் தெரிந்தது? மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறதா? அப்படியென்றால் ஐந்து வருஷமாக அந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு? பூசாரி ஒன்பதாவது பெண்ணுக்கு முன்னால் குனிந்தார். தமயந்தி கைகளைப் பின்னால் கொண்டுபோய் விரல்களைக் கோத்துக்கொண்டாள், கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் நெருங்கிக் கிடந்தன. வந்தால் வரட்டும், வேட்டி நனைந்தால் நனையட்டும், ஊரே பார்க்கட்டும் என்று பூபாலனுக்கு எங்கிருந்தோ ஒரு வெறி வந்தது, கைப்பையையும் செருப்பையும் அங்கேயே போட்டுவிட்டுக் கயிற்றுக்குக் கீழே குனிந்து வரிசைக்குள் போனான். டேய், எங்கடா போற என்று அம்மா கத்தினாள்.

தமயந்தி நிமிர்ந்து பார்த்தாள். “என்னங்க, பாத்ரூம் அந்தப் பக்கம்.”

அவன் அவளுக்கு முன்னால் குந்தினான். “தெரியும். தமயந்தி, நீ இதச் சாப்பிட வேண்டாம். உன்மேல ஒண்ணும் இல்ல. என்னாலதான்.”

“என்னது உங்களால?”

“பிள்ளை இல்லாதது. நான் சாப்பிடுற மாத்திரைதான் காரணமாம். எனக்கு அல்சர் இல்ல, பெருங்குடல்ல புண்ணு, அது ஆயுசுக்கும் இருக்கும். டெஸ்ட் எடுத்தேன். மாத்திரைய மாத்தினாச் சரியாயிடுமாம், மாத்திட்டேன்.” மூச்சு வாங்கியது. “கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு டாக்டர் வந்து பாருன்னு சொன்னாரு. நான் போகல.”

பக்கத்துப் பெண் குனிந்தவள் குனிந்தபடியே இவர்களைப் பார்த்தாள். தமயந்தி கோத்த விரல்களைப் பிரிக்கவில்லை. “எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“மூணு நாளா,” என்றான். அது போதவில்லை என்று அவனுக்கே தெரிந்தது. “எட்டு வருஷமா.”

“அத்தைக்கு?”

“புண்ணு மட்டும் தெரியும். அல்சருன்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னது நான்தான்.”

அவள் முகத்தில் கோபம் வரும், அழுகை வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தான், இரண்டும் வரவில்லை, எங்கோ எக்ஸ்ரே அறைக்குள் படுத்திருப்பவள் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறாள் என்று பட்டது, கீரையை, தங்கையின் வளைகாப்பை, லீவு கிடைக்காத நாட்களை. பூசாரி வந்து நின்றார், கரண்டியில் ஆவி பறந்தது. ஆம்பளைங்க இங்க உக்காரக் கூடாதுப்பா, எந்திரி, என்றார். பூபாலன் எழப்போனான். அவனுக்கு முன் தமயந்தி எழுந்துவிட்டாள், முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு தன் இடத்தைக் காட்டினாள்.

“சாமி, இவருக்குப் போடுங்க.”

“அம்மாடி, மண்சோறு பொம்பளைங்கதான் சாப்பிடணும்.”

“வேண்டுதல் என்னோடது, எடம் என்னோடது. குறை இவரோடது. போடுங்க சாமி.” குரல் உயரவே இல்லை. பிறகு அவனைப் பார்த்து, “உக்காருங்க. கண்ணாடியக் கழட்டிக் குடுங்க,” என்றாள்.

கண்ணாடி போனதும் கோயிலும் கூட்டமும் கரைந்து வெறும் நிறங்களாகிவிட்டன, அதுவும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. மதில் பக்கத்திலிருந்து ஆண்கள் யாரோ சிரித்தார்கள், யாரோ அவர்களை அதட்டினார்கள். ஐயோ, பூபாலா, உனக்கு வெளிச் சோறு ஆகாதுடா என்று அம்மாவின் குரல் உடைந்து வந்தது, பாவம், கடைசியில் அவளும் உண்மையைத்தான் சொன்னாள். பூசாரி அம்மன் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சோற்றை வைத்தார். பூபாலன் மண்டிபோட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். குனியக் குனியச் சூடு முகத்தில் அடித்தது, நனைந்த மண்ணின் வாசனை, பருப்பின் வாசனை, வயிறு முறுக்கிக்கொண்டு எந்த நேரமும் விட்டுவிடுவேன் என்று மிரட்டியது. உதட்டால் ஒரு வாய் அள்ளினான். பல்லில் மண் நறநறத்தது. அவள் இதைத் தின்னத்தான் காலையிலிருந்து பட்டினி கிடந்தாள் என்று நினைத்துக்கொண்டு மென்றான், விழுங்கினான், அழுதுகொண்டே இரண்டாவது வாய்க்குக் குனிந்தான். பின்னாலிருந்து சட்டைக் காலர் இறுக்கமாகப் பிடித்து இழுக்கப்பட்டது.

“போதும், எந்திரிங்க,” என்றாள் தமயந்தி. “வயிறு தாங்காது.”

எழுந்தான். அவள் அழுகிறாளா, முறைக்கிறாளா, கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியவில்லை. கையை நீட்டினான், அவள் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. “வீட்டுக்குப் போயி உங்களையும் உங்கம்மாவையும் வச்சுக்கிறேன்,” என்றாள். சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து முன்னால் நடந்தாள். மங்கலாகத் தெரிந்த அந்த அரக்குச் சேலையைத் தவறவிடாமல் பூபாலன் வேகமாகப் பின்னால் போனான். கதவருகே அவள் நின்றாள், தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

“அந்தப் புது மாத்திரை மத்தியானம் உண்டா?”

“உண்டு.”

“கொண்டுவந்தீங்களா?”

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். இருந்தது.

“போயிட்டு வாங்க,” என்றாள். “தண்ணி வாங்கி வைக்கிறேன்.”